ஷெர்லாக் ஜூனியர்: துப்பறியாத துப்பறிவாளன்

கேள்வி இது: "பஸ்டர் கீட்டனின் 'ஷெர்லாக் ஜூனியர்' பார்த்தேன். சாகசங்கள் பிரமாதம். ஆனால் துப்பறியும் படம் என்கிறார்கள், நாயகன் எதையும் கண்டுபிடிக்கவே இல்லை. பாதிப் படம் கனவு. உண்மையில் இதில் கதை இருக்கிறதா, இல்லை வித்தைகளை வரிசையாகக் கோத்து வைத்திருக்கிறார்களா?"

கதை இருக்கிறது, அதுவும் இறுக்கமாகக் கட்டிய கதை. நாயகன் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று நீங்கள் கவனித்ததுதான் அந்தக் கதையின் நடுப்புள்ளி. படம் ஓடுகிற வேகத்தில் அது நம் கையிலிருந்து நழுவிவிடுகிறது. கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்க்கலாம்.

கீட்டனே இயக்கி நாயகனாக நடித்து, 1924 ஏப்ரலில் வெளிவந்த அமெரிக்க மௌனப்படம். சுமார் 45 நிமிடம்தான் ஓடும். சின்ன ஊர்த் தியேட்டர் ஒன்றில் ஆபரேட்டராக இருக்கும் ஒரு பையன், கூடவே ஹாலைப் பெருக்கும் வேலையும் அவனுக்குத்தான். நேரம் கிடைத்தால் துப்பறிவாளர் ஆவது எப்படி என்று சொல்லித்தரும் புத்தகத்தைப் படிக்கிறான். இரண்டு வேலைகளை ஒரே சமயத்தில் செய்தால் இரண்டுமே உருப்படாது என்ற பழமொழியோடு படம் தொடங்குகிறது. பையனுக்கு ஒரு காதலி. அவளைக் கவரப் பார்க்கும் இன்னொருவனும் உண்டு, நன்றாக உடுத்திய ஊர் மைனர். கதைக்கு வேண்டியது இவ்வளவுதான்.

குப்பை பெருக்கும் காட்சியைப் பலர் சிரித்துவிட்டுத் தாண்டிப் போவார்கள். எனக்குப் படத்தின் முதல் பாதியில் மிகவும் பிடித்தது அதுதான். காதலிக்கு நல்ல சாக்லேட் பெட்டி வாங்க ஆசை. மூன்று டாலர் வேண்டும், கையில் அவ்வளவு இல்லை. குப்பையில் ஒரு டாலர் கிடைக்கிறது. உடனே ஒரு பெண் வந்து டாலரைத் தொலைத்துவிட்டேன் என்கிறாள். அது எப்படி இருக்கும் என்று துப்பறிவாளர் தோரணையில் விசாரித்துவிட்டுக் கொடுத்துவிடுகிறான். அடுத்து ஒரு கிழவி அழுதுகொண்டே வருகிறாள். அவளுக்குத் தன் பணத்திலிருந்தே ஒரு டாலர் கொடுக்கிறான். மூன்றாவதாக ஒரு முரட்டு ஆள் வந்து குப்பையைக் கிளறுகிறான். இவன் மிச்சமிருப்பதையும் நீட்டுகிறான். அந்த ஆள் அதை வாங்காமல் குப்பைக்குள்ளிருந்து பணம் நிரம்பிய பர்ஸை எடுத்துக்கொண்டு போகிறான். பிறகு பையன் அந்தக் குப்பையை ஒரு வெறியோடு கிளறுவதைப் பாருங்கள். மூக்குக்குக் கீழேயே இருப்பதைப் பார்க்கத் தெரியாதவன் இவன் என்பதை ஒரு வசனம்கூட இல்லாமல் சொல்லியாகிவிட்டது. நல்லவன், கேட்டால் கொடுப்பவன் என்பதும் அதே காட்சியில் வந்துவிடுகிறது.

மிஞ்சிய ஒரு டாலருக்குச் சின்னப் பெட்டியை வாங்கி, விலைச் சீட்டில் இருக்கும் 1-ஐ 4 ஆகத் திருத்திக் காதலியிடம் கொடுக்கிறான். கூடவே ஒரு மோதிரம். அதன் கல் கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது, அதனால் பூதக்கண்ணாடியையும் சேர்த்துக் கொடுக்கிறான். துப்பறிவாளனின் கருவிக்கு அவன் கையில் கிடைத்த ஒரே உபயோகம் இது!

இதற்குள் மைனர், அவள் அப்பாவின் பாக்கெட் கடிகாரத்தைத் திருடி நான்கு டாலருக்கு அடகு வைத்து, அந்தப் பணத்தில் மூன்று டாலர் சாக்லேட் பெட்டியோடு வந்து நிற்கிறான். கடிகாரம் காணோம் என்று வீட்டில் கலவரம். நம் ஆள் புத்தகத்தைப் பிரிக்கிறான். எல்லோரையும் சோதனை போடு என்று இருக்கிறது. சோதிக்கிறான். அடகுச் சீட்டு அவனுடைய பையிலிருந்தே வருகிறது, மைனர் போட்டு வைத்தது. சீட்டில் நான்கு டாலர். அவன் கொடுத்த பெட்டியிலும் நான்கு டாலர். காதலி முன்னால் கொஞ்சம் பெரிய மனிதனாகத் தெரிய ஆசைப்பட்டுத் திருத்திய அந்த எண்ணே அவனுக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. இந்த வீட்டுப் பக்கமே வராதே என்று துரத்திவிடுகிறார்கள். வித்தைகளைக் கோத்து வைத்தவர்கள் இப்படி ஒரு முடிச்சு போட மாட்டார்கள். ஜீன் ஹாவேஸ், ஜோசப் மிட்செல், கிளைட் ப்ரக்மேன் மூவரும் கீட்டனோடு உட்கார்ந்து செய்த கதை இது.

வெளியே வந்தவன் மறுபடி புத்தகத்தைப் பார்க்கிறான். சந்தேகப்படும் ஆளை நெருக்கமாகப் பின்தொடர் என்கிறது. நெருக்கமாக என்றால் நெருக்கமாகத்தான்: மைனரின் முதுகுக்கு ஒரு சாண் பின்னால், அவன் கால் வைக்கும்போது இவனும் கால் வைத்து, அவன் தடுமாறினால் இவனும் தடுமாறி நடக்கிறான். கடைசியில் ரயிலின் சரக்குப் பெட்டி ஒன்றில் மாட்டி, கூரை வழியாக வெளியேறி, ஓடும் ரயிலின் மேல் ஓடி, இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாயில் தொங்கி, கொட்டிய தண்ணீரில் தண்டவாளத்தில் விழுந்து, நனைந்துபோய்த் தியேட்டருக்குத் திரும்புகிறான்.

இப்போது அந்தப் பெண் என்ன செய்கிறாள் என்று கவனியுங்கள். நேராக அடகுக் கடைக்குப் போகிறாள். இதை அடகு வைத்தது யார் என்று கேட்கிறாள். கடைக்காரர் அடையாளம் சொல்கிறார், அந்நேரம் வெளியே போகும் மைனரைக் காட்டியும் விடுகிறார். வழக்கு முடிந்தது. புத்தகம், பூதக்கண்ணாடி, ஒட்டு மீசை எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை. ஒரு கேள்வி போதுமாக இருந்தது.

இது நடப்பது கனவு தொடங்குவதற்கு முன்பே. இதைத் தவறவிட்டால் படத்தின் இரண்டாம் பாதி புரியாது. மர்மம் தீர்ந்துவிட்டது, நமக்குத் தெரியும், காதலிக்குத் தெரியும். தெரியாத ஒரே ஆள், ஆபரேட்டர் ரூமில் புரொஜெக்டர் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறான். அதற்குப் பிறகு அவன் கனவில் காட்டும் வீரம் எதுவும் யாரையும் காப்பாற்றத் தேவையில்லை. தோற்றுப்போன ஒருவன் தான் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறானோ அதுதான் கனவு. அதனால்தான் திரையில் ஓடும் படத்தின் கதாபாத்திரங்கள் ஒவ்வொருவராகத் திரும்பி அவன் காதலியாக, மைனராக, அவள் அப்பாவாக மாறுகிறார்கள். கடிகாரம் முத்துமாலை ஆகிறது. பெருக்குகிற பையன், சில்க் தொப்பி போட்ட, உலகத்திலேயே பெரிய துப்பறிவாளன் ஆகிறான்.

கனவு ஏன் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைக் கீட்டனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். குறும்படங்கள் செய்த காலத்தில் நடக்கவே முடியாத வேடிக்கைகளை இஷ்டத்துக்குப் போடுவார்கள். 1923-இலிருந்து முழுநீளப் படங்களுக்கு வந்ததும் அதையெல்லாம் விட வேண்டியதாயிற்று. அவ்வளவு நேரம் ஒரு ஆளோடு உட்கார வேண்டுமென்றால் பார்ப்பவர் அவனை நம்ப வேண்டும், நம்ப முடியாத ஒன்றைக் காட்டினால் அந்த நம்பிக்கை உடைந்துவிடும். கனவு என்று ஆக்கிவிட்டால் பழைய வேடிக்கைகள் அத்தனைக்கும் கதவு திறக்கிறது, கதையும் கெடுவதில்லை. தூங்கும் ஆபரேட்டர் திரைக்குள் நுழைகிறான் என்ற அந்த ஒரே யோசனைக்காகத்தான் இந்தப் படத்தையே எடுத்ததாகவும் அவர் சொன்னதுண்டு.

சரி, அந்தக் காட்சிக்கு வருவோம். இதற்குத்தான் உலகம் முழுக்க இந்தப் படத்தைப் பாடமாக வைக்கிறார்கள்.

தூங்குபவனின் உடம்பிலிருந்து இன்னொருவன் எழுந்து நிற்கிறான். ஒரே பிலிமை இரண்டு முறை ஓட்டி எடுத்தது. அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு, ஹாலில் இறங்கி, மேடை ஏறித் திரைக்குள் போகிறான். ஒருமுறை உதைத்து வெளியே தள்ளுகிறார்கள், மறுபடி நுழைகிறான். அங்கேதான் ஆரம்பிக்கிறது. வீட்டு வாசற்படியில் இறங்கப் போகிறான், காட்சி தோட்டமாக மாறுகிறது, பெஞ்சின் மேல் தடுக்கி விழுகிறான். பெஞ்சில் உட்காரப் போகிறான், தெரு வந்துவிடுகிறது, வண்டிகளுக்கு நடுவில் மல்லாந்து விழுகிறான். நடக்கிறான், மலை விளிம்பு. எட்டிப் பார்க்கிறான், சுற்றிலும் சிங்கங்கள். பாலைவனம், ரயில், கடல் நடுவில் ஒரு பாறை. தண்ணீரில் பாய்கிறான், பனிக்குள் தலைகீழாகச் செருகி நிற்கிறான்.

இது எப்படிச் செய்தது? திரை என்று நாம் நினைப்பது முதலில் திரையே இல்லை. திரைச் சட்டத்துக்குள் ஒரு மேடை கட்டி, அதில் ஆட்களை நடிக்க வைத்து, படம் ஓடுவது போலத் தெரியும்படி விளக்கு போட்டிருக்கிறார்கள். அதனால்தான் அவன் சாதாரணமாக ஏறி உள்ளே போக முடிகிறது. இடங்கள் மாறும் பகுதிதான் கடினம். தோட்டத்தில் ஆள் எந்த இடத்தில், எந்த அளவில், எந்தச் சாய்வில் நிற்கிறானோ, தெருவிலும் இம்மி பிசகாமல் அப்படியே நிற்க வேண்டும். ஒளிப்பதிவாளர் எல்ஜின் லெஸ்லியும் கீட்டனும் நில அளவைக் கருவிகளை வைத்துக் கேமராவுக்கும் ஆளுக்கும் உள்ள தூரத்தை அளந்தார்கள். முந்தைய ஷாட்டை உடனே கழுவி, அதன் கடைசிச் சில பிரேம்களை வெட்டிக் கேமராவுக்குள் வைத்து, அதன் வழியாகப் பார்த்து கீட்டனை அடுத்த இடத்தில் நிறுத்தியதும் உண்டு. கணினி கிடையாது, எடுத்ததை உடனே போட்டுப் பார்க்கத் திரையும் கிடையாது. அந்தக் காலத்து ஒளிப்பதிவாளர்கள் எப்படிச் செய்தார்கள் என்று கண்டுபிடிக்கவே திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்ததாகக் கீட்டன் பெருமையாகச் சொல்வார். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

ஆனால் எனக்கு அந்த நுட்பத்தைவிடப் பெரிதாகப் படுவது அதன் எண்ணம். சினிமாவில் ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதை நாம் கவனிப்பதே இல்லை. வீட்டைக் காட்டி உடனே கடலைக் காட்டினால், சரி, இடம் மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்வோம். அந்தத் தாவலுக்கு நடுவில் ஒரு உயிருள்ள மனிதன் மாட்டிக்கொண்டால் அவன் கதி என்ன? கீட்டன் கேட்பது அதுதான். நுழைந்தவனுக்கு இந்த உலகத்தின் சட்டம் தெரியாது, எடிட்டிங் அவன் காலடியில் தரையை உருவுகிறது. கீழே இருந்த வாழ்க்கையிலும் அவனுக்கு அதேதான் நடந்தது: புத்தகத்தின் சட்டத்தை நம்பிக் கால் வைத்தான், தரை மாறிவிட்டது.

திரைக்குள் நுழையும் இந்தப் பகுதியில் வெட்டுதான் எல்லாம். மற்ற முக்கியமான இடங்களில் நேர் எதிர். வெட்டினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று பார்ப்பவருக்குத் தோன்றிவிடும் என்பதால், வேடிக்கை முழுவதையும் தூரத்திலிருந்து ஒரே ஷாட்டில் காட்டுவது கீட்டனின் கொள்கை. ஜன்னல் வழியாகப் பாயும் காட்சியை நினைவுபடுத்திப் பாருங்கள். கிழவி வேஷத்துக்கான உடையை முன்கூட்டியே ஜன்னலில் வைத்துவிட்டு உள்ளே போகிறான். வீட்டுச் சுவர் மறைந்து உள்ளும் வெளியும் ஒன்றாகத் தெரிகிறது. ஏன் சுவரை எடுத்தார்கள்? நடுவில் எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்று நீங்களே பார்த்துக்கொள்ளத்தான். அவன் பாய்கிறான், வெளியே வந்து விழும்போது பாவாடை சட்டையோடு கிழவியாக எழுந்து நடக்கிறான். ஒரே ஷாட்.

அடுத்தது இன்னும் அதிசயம். உதவியாளன் ஜில்லட் கிழவி வேஷத்தில் திறந்த பெட்டி ஒன்றை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து வேலி ஓரம் நிற்கிறான். துரத்தப்பட்டு வரும் கீட்டன் அந்தப் பெட்டிக்குள் தலைகீழாகப் பாய்ந்து மறைந்துவிடுகிறான். கிழவி பெட்டியை மூடிக்கொண்டு நடந்து போகிறாள். இது வாடெவில் என்ற அந்தக் காலத்து அமெரிக்கப் பல்சுவை மேடைகளில் இருந்த பழைய வித்தை. பின்னால் பலகையில் ஒரு கதவு, நடிகரின் உடம்பு பலகைக்குப் பின்னால் கிடைமட்டமாக, கீழே தொங்குவது வெறும் பாவாடை. ரகசியம் தெரிந்த பிறகும் எனக்கு ஒவ்வொரு முறையும் அது மாயமாகத்தான் தெரிகிறது. ஜில்லட் என்ற பெயரும் சும்மா வந்ததில்லை. மேடையில் ஷெர்லாக் ஹோம்ஸாக நடித்தே அமெரிக்காவில் பெரும் புகழ் பெற்ற வில்லியம் ஜில்லட்டுக்கு வைத்த வணக்கம் அது.

பில்லியர்ட்ஸ் காட்சியில் மட்டும் படம் வழக்கமான சஸ்பென்ஸுக்கு இறங்கி வருகிறது. 13-ஆம் எண் பந்துக்குள் வெடிமருந்து. அதைத் தவிர மேசையில் உள்ள எல்லாப் பந்துகளையும் கீட்டன் போடுகிறார், அந்த 13-ஐ உரசிக்கூடப் போவதில்லை. பந்தை முன்பே மாற்றிவிட்டான் என்று பிறகு தெரிகிறது. உண்மையான வெடிப்பந்து துரத்தல் காட்சியில் பயன்படும். நன்றாகக் கட்டிய காட்சி, அதில் மேற்கொண்டு சொல்ல எனக்கு அதிகமில்லை.

மோட்டார் சைக்கிள் துரத்தல் வேறு ரகம். ஹேண்டில் பாரில் கீட்டன், பின்னால் ஓட்டுபவன் ஜில்லட். ஒரு பள்ளத்தில் குதித்ததும் ஓட்டுபவன் விழுந்துவிடுகிறான். முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு அது தெரியாது, வண்டி தன் போக்கில் ஊரெல்லாம் ஓடுகிறது. ஜில்லட் வேடத்தில் நடித்தவர் ஃபோர்ட் வெஸ்ட். ஆனால் அந்தப் பள்ளத்தில் வண்டியிலிருந்து விழுவது அவர் உடையைப் போட்டுக்கொண்ட கீட்டன். தன் படத்தில் வேறொரு நடிகருக்கு டூப் போட்ட நாயகன் அவர். நடுவில் அறுந்துபோன பாலத்தின் இடைவெளியை, சரியாக அந்த நேரத்தில் கீழே கடக்கும் இரண்டு லாரிகள் நிரப்பும் இடம் வரும்போது பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பாருங்கள், சிரிப்பதா மூச்சைப் பிடிப்பதா என்று தெரியாமல் தவிப்பார்கள்.

அந்தத் தண்ணீர்க் குழாய்க் காட்சிக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. கொட்டிய தண்ணீரின் வேகம் அவர்கள் கணக்குப் போட்டதைவிட அதிகம். அது கீட்டனைக் கீழே அடித்துத் தள்ள, பின்கழுத்து தண்டவாளத்தில் மோதியது. எழுந்து ஓடிக் காட்சியை முடித்தார். கடுமையான தலைவலி வந்தது, ஆனாலும் வேலையை விடவில்லை. பல வருடம் கழித்து, 1930-களில், வேறு ஏதோ பரிசோதனைக்காக எடுத்த எக்ஸ்ரேயில்தான் கழுத்தெலும்பு எப்போதோ முறிந்து தானாகக் கூடியிருப்பதை டாக்டர் கண்டார். படத்தில் நீங்கள் பார்ப்பது அந்த விழுதலைத்தான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் காட்சியில் என்னால் முன்பு போலச் சிரிக்க முடிவதில்லை.

உடம்பை இப்படிப் பயன்படுத்த அவர் கற்றது எங்கே என்பதற்கான பதில் படத்திலேயே இருக்கிறது. காதலியின் அப்பாவாக வருபவர் ஜோ கீட்டன், பஸ்டரின் சொந்தத் தந்தை. பஸ்டர் சின்னக் குழந்தையாக இருந்தபோதே 'த்ரீ கீட்டன்ஸ்' என்ற பெயரில் குடும்பமாக வாடெவில் மேடை ஏறினார்கள். அப்பா மகனைத் தூக்கி மேடை முழுக்க எறிவார், மகன் முகத்தில் சலனமே இருக்காது. சிரிக்காத அந்த முகம், விழத் தெரிந்த அந்த உடம்பு, இரண்டும் அங்கே வந்தவை. 1917-இல் அவரைச் சினிமாவுக்குள் இழுத்தவர் அன்றைய நகைச்சுவை நட்சத்திரம் ராஸ்கோ ஆர்பக்கிள். 1921-இல் எழுந்த வழக்கில் பெயர் கெட்டு, 1922-இல் குற்றமற்றவர் என்று விடுதலையான பிறகும் வேலை கிடைக்காமல் நின்ற ஆர்பக்கிளைத்தான் இந்தப் படத்தை இயக்க முதலில் வைத்ததாகக் கீட்டன் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அது சரிவரவில்லை, படம் கீட்டன் பெயரில் வந்தது. செய்யாத குற்றம் சுமத்தப்பட்ட ஒருவனின் கதையில் இந்த விவரம் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கும்.

படம் முடிந்ததும் முன்னோட்டக் காட்சிகளில் ரசிகர்கள் எதிர்பார்த்த அளவு சிரிக்கவில்லை. கீட்டன் வெட்டிக்கொண்டே போனார். இன்றைக்கு இருக்கும் 45 நிமிடம் அப்படி வந்ததுதான். வித்தைகளைப் பார்த்து வாய் பிளந்தவர்கள் சிரிக்க மறந்துவிட்டார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வெளியானபோதும் அது அவருடைய பெரிய வெற்றிப் படங்களில் ஒன்றாக இல்லை. 1991-இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள்.

கடைசிக் காட்சியை மட்டும் சொல்லாமல் விட முடியாது, உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேதான் முழுமையாகிறது. பையன் விழிக்கிறான். காதலி ஆபரேட்டர் ரூமுக்கே வந்து, எங்கள் மேல்தான் தப்பு என்கிறாள். இவனுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. ரூமின் சின்ன ஜன்னல் வழியாகத் திரையைப் பார்க்கிறான். அங்கே நாயகன் நாயகியின் கையைப் பிடிக்கிறான், இவனும் பிடிக்கிறான். அவன் கையில் முத்தமிட, இவனும். அவன் மோதிரம் போட, இவனும். அவன் முத்தமிட, இவன் வெட்கத்தோடு ஒரு சின்ன முத்தம். உடனே திரையில் காட்சி மாறி, அந்த நாயகன் மடியில் இரட்டைக் குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கிறான். நடுவில் நடந்ததைப் படம் காட்டவில்லை. இவன் தலையைச் சொறிகிறான். படம் முடிகிறது. கனவில் காலை வாரிவிட்ட அதே வெட்டு, விழித்த பிறகும் அவனை விடவில்லை. முதலில் புத்தகத்தைப் பார்த்துத் துப்பறிந்தான், இப்போது படத்தைப் பார்த்துக் காதலிக்கிறான். இரண்டிலும் அவனுக்கு முன்னால் நடந்துகொண்டிருப்பவள் அந்தப் பெண்தான். கேத்ரின் மெக்வையர் அந்த வேடத்தை அடக்கமாகச் செய்ததால் பலர் கண்ணில் படுவதில்லை.

மறுபடி பார்ப்பதாக இருந்தால் இரண்டு விஷயம். அமெரிக்காவில் 2020-இலிருந்து இதற்குப் பதிப்புரிமை கிடையாது, அதனால் இணையத்தில் நிறையப் பிரதிகள் கிடக்கின்றன. மங்கிப்போன பிரதியை விட்டுவிட்டுத் துலக்கிச் சீரமைத்த பிரதியைத் தேடுங்கள், தூரத்து ஷாட்களில் கீட்டன் என்ன செய்கிறார் என்பது அதில்தான் தெரியும். பின்னணி இசை பிரதிக்குப் பிரதி வேறுபடும், பிடிக்காவிட்டால் வேறொன்றுக்கு மாறிக்கொள்ளலாம். பிறகு அதே 1924-இல் அதே மெக்வையரோடு கீட்டன் நடித்த 'த நேவிகேட்டர்' பாருங்கள். ஆளில்லாத ஒரு பெரிய கப்பலில் இரண்டே பேர். அதில் அவளுக்கு வேலை அதிகம்.